கருப்பன் காதில் உண்ணி

அன்புள்ள தம்பி முருகேசனுக்கு,

அக்கா எழுதுவது. அம்மாவுக்கு முழங்கால் வலி முன்னைக்கு இப்போது தேவலை; சாயங்காலம் கோயில் வரை தானே நடந்து போய் வருகிறாள். போனில் சொல்லாமல் எதற்கு இத்தனை பக்கம் எழுதுகிறேன் என்று நினைப்பாய். உண்ணி என்று நான் வாயைத் திறந்தாலே "சரிக்கா, பார்த்துக்கிறேன்க்கா" என்று பேச்சை மாற்றிவிடுகிறாய். எழுதி அனுப்பினால் நீயும் படிப்பாய், உன் பெண்டாட்டி செல்வியும் படிப்பாள். ஒருநாள் ராத்திரி அவசரத்துக்குத் தேடினாலும் கையில் கிடைக்கும்.

முதலில் திட்டித் தீர்த்துவிடுகிறேன். போன வாரம் வீடியோ காலில் உன் மகள் நிலா உங்கள் நாய் கருப்பனின் காதைப் புரட்டிக் காட்டி, "அத்தை, எவ்ளோ பூச்சி பாருங்க" என்றாளே, அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் சரியில்லை. காது மடலின் உள்பக்கம் சாம்பல் நிறத்தில், கொட்டைமுத்து மாதிரி உப்பிப்போய் மூன்று நான்கு ஒட்டிக்கொண்டிருந்தன. அவற்றைச் சுற்றித் தவிட்டு நிறத்தில், தட்டையாக, பொடிப்பொடியாக இன்னும் எத்தனையோ. நீ என்ன செய்தாய்? ஒன்றைப் பிய்த்து எடுத்து, கட்டைவிரல் நகத்தில் வைத்து நசுக்கினாய். ரத்தம் தெறித்தது. அதே கையால் பிள்ளையின் கன்னத்தைக் கிள்ளினாய். ஏலே, உனக்கு எத்தனை தடவை சொல்வது? உண்ணி வயிற்றில் இருப்பது நாயின் ரத்தம் மட்டும் இல்லை. நோய்க்கிருமி இருந்தால் அதுவும் அந்தத் துளியில் இருக்கும். விரலில் சின்னக் கீறல் இருந்தால் போதும், கையைக் கழுவாமல் கண்ணைக் கசக்கினால் போதும். இனி வெறும் கையால் உண்ணியைத் தொடாதே, நசுக்காதே. இதை எனக்காகச் செய்.

செல்வி மறுநாள் என்னிடம் தனியாகச் சொன்னதை உன்னிடம் சொன்னாளோ இல்லையோ தெரியாது. குளிக்கும்போது கழுத்துக்குப் பின்னால், முடி ஆரம்பிக்கிற இடத்தில் ஏதோ தட்டுப்பட்டிருக்கிறது. மரு என்று நினைத்து விரலால் தடவியிருக்கிறாள். கால் அசைந்திருக்கிறது. பயந்துபோய்ப் பிடுங்கிப் போட்டிருக்கிறாள். ஒரு வாரமாக அந்த இடத்தில் அரிப்பு இருக்கிறதாம், காய்ச்சல் இல்லையாம். இல்லாதவரை நல்லது. ஆனால் கடிபட்ட நாளிலிருந்து இரண்டு வாரம் அவளைக் கவனித்துக்கொள். ஏன் என்று கீழே சொல்கிறேன்.

"நாய் உண்ணி நாயைத்தானே கடிக்கும்" என்று நீ சொல்வாய். அது பாதி உண்மை. கருப்பன் மேல் இருப்பது பழுப்பு நாய் உண்ணி. உலகம் முழுக்க நாய் இருக்கிற ஊர்களில் அதிகம் பரவியிருப்பது இதுதான். அதற்குப் பிடித்தது நாய் ரத்தம்தான். ஆனால் எண்ணிக்கை பெருகிவிட்டால், நாய் கிடைக்காவிட்டால், பக்கத்தில் படுத்திருக்கும் மனிதரையும் விடாது. வெயில் காலத்தில் இது இன்னும் மோசம். கலிபோர்னியாவில் ஆராய்ச்சி செய்தவர்கள் ஒரு பெட்டியில் நாயையும் இன்னொரு பெட்டியில் மனிதரையும் வைத்து, இரண்டையும் இணைக்கும் குழாயில் உண்ணியை விட்டுப் பார்த்தார்கள். 100 டிகிரி ஃபாரன்ஹீட் சூட்டில் இந்த உண்ணியில் ஒரு வகை, வெப்பநாடுகளில் இருக்கிற வகை, நாயை விட்டு மனிதர் பக்கம் போவது கூடிவிட்டது. சித்திரை வெயில் உன் வீட்டு மாடி ஓட்டுக்கு எத்தனை டிகிரி ஏறும் என்று உனக்கே தெரியும். அந்த ஓட்டுக்குக் கீழேதான் பிள்ளையும் நாயும் ஒரே பாயில் மத்தியானம் தூங்குகிறார்கள்.

இன்னொன்றும் தெரிந்துகொள். நீ கருப்பன் உடம்பில் பார்க்கிற உண்ணி கொஞ்சம்தான். மிச்சமெல்லாம் உன் வீட்டுச் சுவரில் இருக்கிறது. ரத்தம் குடித்து உப்பிய பெண் உண்ணி நாயை விட்டுக் கீழே விழுந்து, சுவரில் ஏறி, விரிசலோ கதவு நிலையின் இடுக்கோ கிடைத்தால் அங்கே ஆயிரக்கணக்கில் முட்டையிட்டுவிட்டுச் செத்துப்போகும். பொரிந்து வருகிற குஞ்சுக்கு ஆறு கால்தான், கடுகைவிடச் சிறிது, கண்ணுக்குச் சட்டென்று தெரியாது. அது ஒரு தடவை ரத்தம் குடித்துவிட்டு இறங்கி, தோல் உரித்து, எட்டுக் காலோடு மறுபடி ஏறும். மறுபடி இறங்கும், மறுபடி உரிக்கும், அப்புறம்தான் பெரிய உண்ணியாகும். நம் ஊர்ச் சூட்டில் இதெல்லாம் இரண்டு மூன்று மாதத்தில் நடந்து முடிந்துவிடும். பெரிய உண்ணி சாப்பாடே இல்லாமல் ஒரு வருஷத்துக்கு மேல்கூடக் காத்திருக்கும். பூட்டிக்கிடந்த வீட்டுக்குக் குடிவந்தவர்களை உண்ணி கடிப்பது இதனால்தான்.

இனி நோயைப் பற்றி. இந்த உண்ணி சுமந்து வருவதில் மனிதருக்கு ஆபத்தானது ரிக்கெட்சியா என்ற கிருமி. அதனால் வருகிற காய்ச்சலை நம் நாட்டில் இந்திய உண்ணி டைஃபஸ் என்று சொல்வார்கள். டைஃபாய்டு வேறு, இது வேறு. குமாவோன் மலைப்பக்கம் வந்த இப்படியொரு காய்ச்சலை உண்ணி பரப்பக்கூடும் என்று மெகா என்ற டாக்டர் 1921லேயே எழுதிவைத்துவிட்டார். நூறு வருஷம் ஆகியும், காய்ச்சல் என்று வருகிறவர்களிடம் வீட்டில் நாய் இருக்கிறதா என்று கேட்கிறவர்கள் குறைவுதான்.

நான் நர்ஸாக இருக்கும் வார்டில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன், நிலா வயசுப் பிள்ளைதான். ஐந்தாம் நாள் காய்ச்சலோடு தூக்கிக்கொண்டு வந்தார்கள். வெளியில் டெங்கு பார்த்தாயிற்று, டைஃபாய்டு பார்த்தாயிற்று, இரண்டும் இல்லை. ரத்தத்தில் தட்டணுக்கள் மட்டும் குறைந்திருந்தன. ஊசி போட்டும் காய்ச்சல் இறங்கவில்லை. உடம்பில் சிவப்புப் புள்ளி வந்ததும் அம்மை என்று வேப்பிலை கட்டியிருக்கிறார்கள். எங்கள் பெரிய டாக்டரம்மா வந்து, பிள்ளையின் சட்டையைத் தூக்கிப் பார்க்கவில்லை; நேராகக் காலை எடுத்து மடியில் வைத்து உள்ளங்காலைப் பார்த்தார்கள். அப்புறம் உள்ளங்கை. இரண்டு இடத்திலும் புள்ளி. "வீட்ல நாய் இருக்காம்மா?" என்றுதான் முதல் கேள்வி. தாய்க்காரி ஒன்றும் புரியாமல், "இருக்கும்மா, உண்ணி ஜாஸ்தியா இருக்குன்னு போன வாரம்தான் விரட்டிவிட்டோம்" என்றாள். அன்று ராத்திரியே டாக்ஸிசைக்ளின் என்ற மருந்தை ஆரம்பித்தோம். பரிசோதனை முடிவுக்குக் காத்திருக்கவில்லை. இரண்டாம் நாள் சாயங்காலம் பிள்ளை எழுந்து உட்கார்ந்து இட்லி கேட்டது. நெற்றியைத் தொட்டுப் பார்த்தபோது ஜில்லென்று இருந்தது. அந்தத் தாயின் முகத்தைப் பார்க்க வேண்டுமே.

எல்லோருக்கும் அப்படி முடிவதில்லை, முருகேசா. இந்தக் கிருமி ரத்தக் குழாயின் உள்சுவரில்தான் போய் உட்காரும். நாள் தள்ளிப்போனால் காது நுனி, விரல் நுனி கறுத்துப்போன பிள்ளைகளும் உண்டு. மூளை, நுரையீரல், சிறுநீரகம் என்று போய்விட்டதும் உண்டு. அந்தக் கொடுமையை எழுத மனசு வரவில்லை. சொல்ல வருவது ஒன்றுதான்: காய்ச்சலுக்கு வழக்கமாகக் கொடுக்கிற பெனிசிலின் வகை மருந்துகள், செஃப் என்று ஆரம்பிக்கும் ஊசிகள் எதுவும் இதைத் தொடாது. டாக்ஸிசைக்ளின் கேட்கும், விலையும் குறைவு. ஆரம்பத்திலேயே கொடுத்துவிட்டால் பெரும்பாலும் இரண்டு மூன்று நாளில் காய்ச்சல் இறங்கிவிடும். ரத்தப் பரிசோதனையில் முதல் வாரம் ஒன்றும் தெரியாமலும் போகலாம். அதனால் டாக்டருக்குச் சந்தேகம் வர வேண்டும். சந்தேகம் வருவதற்கு நீ வாயைத் திறந்து சொல்ல வேண்டும்.

ஆகவே நன்றாக மனசில் வை. உங்கள் மூன்று பேரில் யாருக்குக் காய்ச்சல் வந்தாலும், எந்த டாக்டரிடம் போனாலும், அவர் கேட்பதற்கு முன்னாலேயே "வீட்டில் நாய் இருக்கிறது, உண்ணி இருந்தது, இந்தத் தேதியில் கடித்தது" என்று சொல். கடித்த நாளிலிருந்து பதினான்கு நாளுக்குள் வருகிற காய்ச்சல், தலை வெடிக்கிற மாதிரி வலி, உடம்பு வலி, புள்ளி, இதில் எது வந்தாலும் மறுநாள் பார்க்கலாம் என்று விடாதே. கடித்த இடத்தில் கறுப்பாகப் பொருக்கு கட்டி, சுற்றிச் சிவந்திருந்தால் அதைக் காட்டு. நம் பக்கத்து நோயாளிகளில் நிறையப் பேருக்கு அந்தப் பொருக்கே இருக்காது. இல்லை என்பதற்காக நிம்மதியாகிவிடாதே. சின்னப் பிள்ளைக்கு டாக்ஸிசைக்ளின் கொடுத்தால் பல் கறையாகும் என்று செல்வியின் அம்மா சொல்வார்கள். அது பழைய பயம். இந்த நோய்க்குச் சில நாள் கொடுப்பதில் தயங்க வேண்டாம் என்றுதான் இப்போது சொல்கிறார்கள். அதற்காகக் கடி பட்டவுடன் மெடிக்கலில் போய் நீயாக வாங்கிக் கொடுக்காதே. காய்ச்சல் இல்லாமல் வெறும் கடிக்கு மருந்து தேவையில்லை.

நீ நண்பர்களோடு காட்டுப் பக்கம் போகிறவன் என்பதால் இன்னொன்று. கர்நாடகத்தில் ஷிமோகா மாவட்டத்துக் கியாசனூர் காட்டில் 1957இல் கண்டுபிடித்த குரங்குக் காய்ச்சலும் உண்ணியால் வருவதுதான். அது வேறு உண்ணி, காட்டு உண்ணி. அதில் இருப்பது வைரஸ், டாக்ஸிசைக்ளின் கேட்காது. காட்டில் குரங்கு செத்துக் கிடந்தால் பக்கத்தில் போகாதே, வனத்துறைக்குச் சொல்லிவிட்டு வந்துவிடு. நம் ஊரில் மழைக்காலத்தில் அதிகம் வருகிற ஸ்கிரப் டைஃபஸ், புதரில் இருக்கும் மிகச் சின்னப் பூச்சியால் வருவது. அதற்கும் கருப்பனுக்கும் சம்பந்தமில்லை. பழியை அவன் மேல் போட வேண்டாம்.

கடித்துக்கொண்டிருக்கும் உண்ணியை எடுப்பது எப்படி என்று சொல்கிறேன், செல்வியையும் பக்கத்தில் உட்கார வைத்துப் படி. புருவம் எடுக்கிற ட்வீசர் போதும். ஆச்சி சுருக்குப்பையில் வைத்திருந்த முள்வாங்கியும் நல்லதுதான். உண்ணியின் வயிற்றைப் பிடிக்காமல், தோலை ஒட்டி, தலைப்பக்கம் பிடிக்க வேண்டும். திருகாமல், வெடுக்கென்று இழுக்காமல், நேராக மெதுவாக மேலே இழுத்தால் வந்துவிடும். வாயின் துணுக்கு தோலில் தங்கிவிட்டால் ஊசி வைத்துக் குத்திக் கிளறாதே, தானாக வெளியே வந்துவிடும். எடுத்ததை ஸ்பிரிட்டில் போடு, அல்லது செல்லோடேப்பில் ஒட்டி மடித்துக் குப்பையில் போடு. கடித்த இடத்தையும் கையையும் சோப்புப் போட்டுக் கழுவு. காலண்டரில் தேதியைக் குறித்துவை. மண்ணெண்ணெய் ஊற்றுவது, தீக்குச்சியால் சுடுவது, சுண்ணாம்பு தடவுவது எதுவும் வேண்டாம். உண்ணி எவ்வளவு நேரம் ஒட்டியிருக்கிறதோ அவ்வளவு ஆபத்து கூடும். அது தானாக விடட்டும் என்று காத்திருக்கிற நேரம் எல்லாம் கிருமிக்குத்தான் லாபம்.

நிலாவைத் தினமும் குளிப்பாட்டும்போது காதுக்குப் பின்னால், உச்சந்தலை, அக்குள், தொடையிடுக்கு, முழங்கால் மடிப்பு எல்லாம் விரலால் தடவிப் பார்க்கச் சொல். குழந்தை கூசுகிறது என்று சிரிப்பாள், சிரித்துக்கொண்டே பார்க்கட்டும்.

இப்போது கருப்பன். நம் பழைய நாய் வீரன் உனக்கு ஞாபகம் இருக்கிறதா? நீ நாலாவது படித்துக்கொண்டிருந்தாய். தொழுவத்தில் மாட்டு உண்ணியை அப்பா ஒவ்வொன்றாக எடுத்துச் சீமெண்ணெய் டின்னில் போடுவார், வீரன் வாசலில் படுத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருப்பான். அவன் உடம்பிலும் உண்ணிதான், யாரும் கண்டுகொள்ளவில்லை. நாய் என்றால் உண்ணி இருக்கும் என்பதுதான் அன்றைக்கு எல்லோருடைய எண்ணமும். திடீரென்று சோறு தின்பதை நிறுத்தினான். ஈறு வெளுத்தது. ஒரு நாள் காலையில் மூக்கிலிருந்து ரத்தம் வடிந்துகொண்டிருந்தது. ஆச்சி கண்ணேறு பட்டுவிட்டது என்று உப்பும் மிளகாயும் சுற்றிப் போட்டாள். நீ அவன் தலையை மடியில் வைத்துக்கொண்டு பள்ளிக்கூடம் போக மாட்டேன் என்று அழுதாய். நர்சிங் படிக்கப் போன பிறகுதான், உண்ணி நாய்க்குக் கொண்டுவருகிற எர்லிக்கியா என்ற கிருமி தரும் நோயில் தட்டணுக்கள் குறைந்து இப்படித்தான் மூக்கில் ரத்தம் வரும் என்று தெரிந்தது. வீரனுக்கு அதுவாகத்தான் இருந்திருக்க வேண்டும் என்பது என் எண்ணம். அதற்கும் இதே டாக்ஸிசைக்ளின்தான் மருந்து. நம் வீட்டிலிருந்து கால்நடை மருந்தகம் எவ்வளவு தூரம் இருந்தது என்று உனக்கே தெரியும். உன் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி இருக்கிறது.

கருப்பனைக் கூட்டிக்கொண்டு போ. வாய்வழி மாத்திரை இருக்கிறது; மாதம் ஒரு தடவை கொடுப்பதும் உண்டு, பன்னிரண்டு வாரத்துக்கு ஒரு தடவை கொடுப்பதும் உண்டு. கடிக்கிற உண்ணி தானாகச் செத்து விழும். பிடரியில் விடுகிற சொட்டு மருந்து, கழுத்துப் பட்டை எல்லாம் இருக்கிறது. எடை பார்த்து எது தோது என்று டாக்டர் சொல்வார். கருப்பனுக்கு எப்போதாவது வலிப்பு வந்திருந்தால் அதை முன்னாலேயே சொல்லிவிடு, சில மாத்திரை ஒத்துக்கொள்ளாது. பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார் என்று மாட்டுக்குத் தெளிக்கிற மருந்தைக் கரைத்து அவன் மேல் ஊற்றாதே. நாய் நக்கும், நக்கினால் உள்ளே போகும், அளவு கூடினால் உயிருக்கே ஆபத்து. மாடி வீட்டுப் பூனை உங்கள் வீட்டில் வந்து படுக்கிறதே, நாய்க்குப் போடுகிற பெர்மெத்ரின் மருந்து பூனைக்கு விஷம். அதையும் டாக்டரிடம் சொல்.

நாய்க்கு மட்டும் மருந்து போட்டால் பாதி வேலைதான். அவன் படுக்கிற சாக்கைக் கொதிக்கிற தண்ணீரில் போடு, முடிந்தால் எரித்துவிட்டுப் புதிது வாங்கு. படிக்குக் கீழே சுவர் விரிந்திருக்கிறதே, அதைச் சிமெண்டு வைத்து அடை. கதவு நிலை, ஜன்னல் திரையின் மேல் மடிப்பு, கட்டிலின் இணைப்பு, இங்கெல்லாம் டார்ச் அடித்துப் பார். பூச்சி மருந்து அடிக்க ஆள் கூப்பிட்டால் ஒரு தடவையோடு விட்டுவிடாதே. முட்டை மருந்துக்குச் சாகாது, பொரிந்த பிறகு மறுபடி அடிக்க வேண்டும். அடிக்கிற அன்று நிலாவையும் கருப்பனையும் வெளியே வைத்துக்கொள்.

செல்வி கொஞ்சம் தயங்கித் தயங்கிக் கேட்டாள், "கருப்பனைக் கொண்டுபோய் விட்டுவிடலாமா மதினி" என்று. அவள் மேல் கோபப்படாதே, பிள்ளையைப் பெற்றவள் பயம் அது. ஆனால் விட்டுவிடுவதில் பிரயோஜனம் இல்லை. நாய் போய்விடும், சுவரில் இருப்பது போகாது. நாய் இல்லாத வீட்டில் அது யாரைத் தேடும்? வார்டுக்கு வந்த அந்தப் பிள்ளையின் வீட்டில் நாயைத்தான் விரட்டினார்கள், உண்ணியை விரட்டவில்லை. அமெரிக்காவில் அரிசோனா மாநிலத்துப் பழங்குடிக் கிராமங்களில் 2000களின் ஆரம்பத்திலிருந்து இதே பழுப்பு நாய் உண்ணியால் ஒரு கடுமையான புள்ளிக் காய்ச்சல் பரவியது, பிள்ளைகள் செத்தார்கள். அங்கே வீடுவீடாகப் போய் நாய்களின் கழுத்தில் உண்ணிப் பட்டை மாட்டி, வீட்டைச் சுற்றி மருந்து தெளித்தார்கள். உண்ணியும் குறைந்தது, காய்ச்சலும் குறைந்தது. அவ்வளவு பெரிய கிராமங்களில் முடிந்தது, உன் ஒரு வீட்டில் முடியாதா?

கருப்பன் நல்ல நாய். நிலா நடை பழகியதே அவன் முதுகைப் பிடித்துத்தான். அவனுக்கு மருந்து பிடித்து, வீடு சுத்தமாகும் வரை அவனும் அவளும் தனித்தனியாகப் படுக்கட்டும். அழுதால் அத்தை சொன்னாள் என்று சொல், கோபம் என் மேல் இருக்கட்டும்.

மற்றபடி, ஆவணியில் பெரியப்பா வீட்டுக் கல்யாணம் இருக்கிறது. லீவு இப்போதே எழுதிக்கொடு. அம்மா உனக்கென்று மாவடு போட்டு வைத்திருக்கிறாள், வரும்போது எடுத்துக்கொள்ளலாம். செல்விக்கு என் அன்பு. நிலாவுக்கு முத்தம்.

ஞாயிற்றுக்கிழமைக்குள் கருப்பனை டாக்டரிடம் காட்டிவிட்டு, என்ன மருந்து எழுதினார் என்று எனக்குப் போன் பண்ணு. செல்வி கழுத்துக் கடி எந்தத் தேதி என்று அவளிடம் கேட்டு இன்றைக்கே காலண்டரில் குறி. கடித்த நாளிலிருந்து இரண்டு வாரத்துக்குள் அவளுக்குக் காய்ச்சல் வந்தால் ராத்திரி எந்நேரமானாலும் என்னைக் கூப்பிடு.

இப்படிக்கு,
உன் அன்பு அக்கா